புகைமூட்ட வரைபடத்தில் மஞ்சள் நிறம்: யாருக்கு என்ன சொல்கிறது?

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் வந்துவிட்டால் நம் கைப்பேசிகளில் வண்ணப் படங்கள் குவியத் தொடங்கிவிடும். ஒன்றில் தீபகற்பம் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். இன்னொன்றில் சுமத்ராவும் களிமந்தானும் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகளோடு காட்சி தரும். யார் வரைந்தது, எந்த நாளுக்குரியது என்று தெரியாமலே குடும்பப் புலனக் குழுவில் ஒருவர் போட, பத்துப் பேர் பகிர்வார்கள்.

கிள்ளானில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். காலை ஆறரை மணி. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகனுக்கு அன்று மாலை காற்பந்துப் பயிற்சி. அம்மா சுற்றுச்சூழல் துறையின் அகப்பக்கத்தைத் திறக்கிறார், மஞ்சள். அப்பாவின் கைப்பேசியில் இருப்பது வெளிநாட்டுச் செயலி, அதில் சிவப்பு. முந்தைய நாள் அம்மா பார்த்தது பச்சை, அப்பா பார்த்தது மஞ்சள். ஒரே ஊர், ஒரே காற்று. இருவரில் யார் சொல்வது சரி?

இருவருமே சரி. அவர்கள் பார்க்கும் வண்ண அட்டவணைதான் வேறு வேறு.

மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில், நாம் ஐபியு என்று சொல்லும் அந்த எண்ணில், 0 முதல் 50 வரை நீலம், அதாவது நல்ல காற்று. 51 முதல் 100 வரை பச்சை, மிதமான நிலை. 101 முதல் 200 வரை மஞ்சள், உடல்நலத்திற்குக் கேடு. 201 முதல் 300 வரை ஆரஞ்சு, மிகவும் கேடு. 300-ஐத் தாண்டினால் சிவப்பு, அபாயம்.

அமெரிக்க முறை வேறு. அங்கே 0 முதல் 50 வரையே பச்சை. 51 முதல் 100 வரை மஞ்சள். 101 முதல் 150 வரை ஆரஞ்சு. 151-இலேயே சிவப்பு வந்துவிடும். அதற்கு மேல் ஊதா, பிறகு அரக்கு. உலகம் முழுதும் விற்பனையாகும் செயலிகள் பல இந்த அமெரிக்க அட்டவணையைத்தான் பயன்படுத்துகின்றன. மாசு அளவை எண்ணாக மாற்றும் பிரிப்புக்கோடுகளும் இரு நாடுகளிலும் ஒன்றல்ல என்பதால், சில நாள்களில் எண்ணே கூட வேறுபடும்.

ஆக, நம் நாட்டு மஞ்சள் "கேடு" என்று சொல்கிறது. அமெரிக்க மஞ்சள் "பரவாயில்லை" என்கிறது. குறியீடு 100-ஐ எட்டினால் பள்ளிகளில் திடல் நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐ எட்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது கல்வி அமைச்சு நினைவூட்டிய விதி. அதன்படி அம்மா பார்த்த மஞ்சளுக்குப் பயிற்சி கிடையாது. அப்பா முந்தைய நாள் பார்த்த மஞ்சளுக்குப் பயிற்சி உண்டு. செயலியின் மஞ்சளுக்குப் பழகிப்போன ஒருவர், அரசின் மஞ்சளைப் பார்த்துவிட்டு "சும்மா மஞ்சள்தானே" என்று ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் திடலுக்கு அனுப்பிவிடக்கூடும். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு நிமிட முடிவுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் எண்களைப் படமாக மாற்றினால் மனிதக் கண் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது, எங்கே ஏமாறுகிறது என்று ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. தரவுக் காட்சிப்படுத்தல் என்று அதைச் சொல்கிறோம். 1987-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காகத் தயாரான ஓர் அறிக்கை அதைத் தனித் துறையாக முன்னிறுத்தியது. கணினிகள் மலைமலையாக எண்களைக் கக்குகின்றன, அவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கருவி மனிதனிடம் இல்லை என்பது அன்றைய கவலை. அதே ஆண்டில்தான் வில்லியம் லோரன்சென், ஹார்வி கிளைன் என்ற இரு பொறியியலாளர்கள், மருத்துவமனை ஸ்கேன் துண்டுகளை ஒட்டி முப்பரிமாண உருவமாக்கும் கணக்குமுறையை வெளியிட்டார்கள். இன்று எலும்பு முறிவை மருத்துவர் கணினித் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாரே, அதன் மூலங்களில் ஒன்று அது.

இத்துறையின் கண்டுபிடிப்புகளில் நம்மை நேரடியாகத் தொடுவது வானவில் நிறங்களைப் பற்றியது.

குறைவுக்கு நீலம், பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, அதிகத்திற்குச் சிவப்பு. வெப்பநிலை, மழை, கடல் ஆழம், மூளை, இயந்திரத்தின் அழுத்தம் என்று எதை வரைந்தாலும் பல்லாண்டுகளாக அறிவியலாளர்கள் இந்த வரிசையைத்தான் பயன்படுத்தினார்கள். பொறியியல் மாணவர்கள் பயன்படுத்தும் மேட்லேப் மென்பொருளில் 2014 வரை இதுவே தானாக வரும் நிறம். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், அழகாகவும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், நம் கண்ணுக்கு நிறங்களில் இயல்பான "சிறியது, பெரியது" கிடையாது. ஒரு சிறுவனிடம் சாம்பல் நிற அட்டைகள் ஐந்தைக் கொடுத்தால் வெளிறியதிலிருந்து கருமை வரை சரியாக அடுக்கிவிடுவான். பச்சை, ஊதா, மஞ்சள், நீலம் கொடுத்து அடுக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி அடுக்குவார்கள். அதோடு, மஞ்சள் மற்ற நிறங்களைவிட வெளிச்சமாகத் தெரிவதால், தரவில் பெரிய மாற்றமே இல்லாத இடத்திலும் ஒரு கோடு கிழித்ததுபோல் கண்ணுக்குப் படும். இல்லாத எல்லையை நிறம் உண்டாக்கிவிடுகிறது.

இதை அழகியல் சண்டை என்று ஒதுக்க முடியாதபடி செய்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் போர்க்கின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. இருதய இரத்தக் குழாய்களில் கொழுப்பு படியும் அபாயம் உள்ள இடங்களைக் கண்டுபிடிக்க மருத்துவ மாணவர்களிடம் படங்களைக் கொடுத்தார்கள். வழக்கமான முப்பரிமாண, வானவில் நிறப் படத்தில் அபாயப் பகுதிகளில் சராசரியாக 39 விழுக்காட்டைத்தான் அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அதே தரவைத் தட்டையான படமாக விரித்துக் காட்டியபோது 62 விழுக்காடு. நிறத்தையும் மாற்றி, ஆபத்து மட்டும் சிவப்பில் எழுந்து நிற்கும்படி வரைந்தபோது 91 விழுக்காடு. நோயாளி அவரே, இரத்தக் குழாயும் அதுவே. வரைந்த விதம் ஒன்றுதான் மாறியது.

இத்தனைக்கும் வானவில் நிறத்தை மாற்ற முதலில் பலருக்கு மனம் வரவில்லை. பழகிய கண் பழகியதையே கேட்கிறது. கருவியைச் செய்பவர்கள் மாற்றிய பிறகுதான் பயனீட்டாளர்கள் மாறினார்கள்.

அந்தக் கருவிகளில் ஒன்றான மேட்பிளாட்லிப்பின் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தமக்கு ஏற்ற வரைபட மென்பொருள் கிடைக்காததால் தாமே பைத்தான் மொழியில் ஒன்றை எழுதி 2003-இல் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2012-இல், நாற்பத்து நான்காம் வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் பாதிப்புகளால் இறந்துபோனார். கருவி நின்றுவிடவில்லை, தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்த்தார்கள். 2015-இல் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நேத்தனியல் ஸ்மித் இருவரும் விரிடிஸ் என்ற புதிய நிற வரிசையை அறிமுகப்படுத்தினார்கள். கரும் ஊதாவில் தொடங்கி நீலம், பச்சை வழியாக மஞ்சளில் முடியும் இது, படிப்படியாக வெளிச்சமாகிக்கொண்டே போகும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களாலும் இதைப் படிக்க முடியும். 2017-இல் வெளியான பதிப்பில் இதுவே தானாக வரும் நிறமாகிவிட்டது.

2019 ஏப்ரல் 10-இல் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய ஆய்வாளர்களின் கருவிப் பெட்டியிலும் ஹன்டரின் இந்த மென்பொருள் இருந்தது. அந்த ஆரஞ்சு வளையம் கண்ணுக்குத் தெரியும் நெருப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். தொலைநோக்கிகள் பிடித்தவை வானொலி அலைகள். ஆரஞ்சு, ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த நிறம்.

சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாமை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் உள்ளது. ஆசியர்களிடம் சற்றுக் குறைவு, ஆனால் அரிதல்ல. பெண்களிடம் மிகக் குறைவு. ஒரு தோட்டத்தில் இருநூறு ஆண்கள் இருந்தால் அவர்களில் சிலருக்குப் பச்சை ஆறும் சிவப்பு ஆறும் ஒரே மாதிரிதான் தெரியும். அவர்களில் பலருக்குத் தம் கண் அப்படி என்றே தெரிந்திருக்காது.

இன்னொன்று, நம் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தது. வானவில் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அச்சடித்தால் என்ன ஆகும்? இரு முனையிலும் உள்ள கருநீலமும் கருஞ்சிவப்பும் ஒரே கருஞ்சாம்பலாகிவிடும். பாதுகாப்பான இடமும் ஆபத்தான இடமும் இரட்டைப் பிள்ளைகளாகி நிற்கும். படத்தின் ஓரத்தில் இருக்கும் நிற விளக்கப் பட்டையை இடமில்லை என்று வெட்டிவிட்டால் கதை முடிந்தது. தமிழ் ஊடகங்களில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மற்ற மொழி ஊடகங்களும் விதிவிலக்கல்ல, ஆனால் நம் வீட்டைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

இனி அந்தச் சிவப்புப் புள்ளிகள். ஆசியான் சிறப்பு வானிலை மையம், சிங்கப்பூரில் இருந்து, வட்டார வெப்பப் புள்ளிகளை வெளியிடுகிறது. துணைக்கோளம் மேலிருந்து பார்த்து, சுற்றுப்புறத்தைவிட மிகவும் சூடாகத் தெரியும் இடத்தைப் புள்ளியாகக் குறிக்கிறது. இதில் மூன்று விஷயங்கள் படத்தில் தெரியாது. ஒரு புள்ளி ஒரு தீ என்று பொருளல்ல. பெரிய தீ பல புள்ளிகளாக விழும், தொழிற்சாலைச் சூடும் சில நேரம் புள்ளியாகப் பதியும். வரைபடத்தில் புள்ளி பெரிதாக இருப்பதற்கும் எரியும் நிலத்தின் பரப்புக்கும் தொடர்பில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிதாக வரைகிறார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. மேகம் மூடியிருந்தால் துணைக்கோளத்தால் கீழே பார்க்க முடியாது. புள்ளிகள் குறைந்த நாள் தீ குறைந்த நாளாக இருக்க வேண்டியதில்லை, மேகம் மூடிய நாளாகவும் இருக்கலாம். "நேத்து நானூறு, இன்னிக்கு நாற்பது, அடங்கிடுச்சு" என்று பகிர்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இன்னொரு அனுபவம் இருக்கும். காலையில் வெளியே வந்தால் தொண்டை கரகரக்கிறது, பக்கத்து பிளாக் தெரியவில்லை. கைப்பேசியில் இன்னும் பச்சை. பொய் சொல்கிறார்களா? இல்லை. நுண்துகள்களைப் பொறுத்தவரை ஐபியு கடந்த 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நேற்றைய நல்ல காற்றும் அதில் சேர்ந்திருக்கிறது. இன்று அதிகாலையில் புகை இறங்கியிருந்தால் நிறம் மாறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மூக்கு சொல்வதை நம்புவதில் தவறில்லை. சிங்கப்பூரில் ஒரு மணி நேர நுண்துகள் அளவைத் தனியாக வெளியிடுகிறார்கள். வெளியே போகலாமா வேண்டாமா என்று உடனே முடிவு செய்ய அதைப் பார்க்கும்படியும் சொல்கிறார்கள். இங்கேயும் அதே முறையில், எல்லாரும் காணும் இடத்தில், ஒரு மணி நேர அளவைக் காட்டினால் வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மேல் எல்லையிலும் ஒரு குறை உண்டு. 2013 ஜூன் 23-இல் மூவாரில் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அட்டவணைப்படி 746-உம் சிவப்புதான், 310-உம் சிவப்புதான். நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நாள்.

படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட எதை விட்டுவிட்டது என்பதால் உயிர்கள் போன கதையும் பொறியியலில் உண்டு. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையம் காரணம். முந்தைய இரவு பொறியியலாளர்கள் குளிரைக் காரணம் காட்டித் தடுக்கத்தான் பார்த்தார்கள். அவர்கள் காட்டிய அட்டவணைகள் எதிலும் எல்லாப் பயணங்களும் வெப்பநிலை வரிசையில் ஒரே படத்தில் இல்லை. பழுது ஏற்பட்ட பயணங்களை மட்டும் வரைந்தால் குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியாது. பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்தால் கதை மாறுகிறது. சுமார் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழ் புறப்பட்ட நான்கிலும் பழுது. அதற்கு மேற்பட்ட இருபதில் மூன்றில் மட்டுமே. விபத்து நாளில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. விசாரணைக் குழு பின்னர் இந்த இரண்டு படங்களையும் அருகருகே வெளியிட்டது.

எட்வர்டு டஃப்டி என்ற பேராசிரியர் இதைப் படம் வரையத் தெரியாததால் வந்த பேரழிவு என்று எழுதினார். அந்தப் பொறியியலாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜாலியும் வேறு சிலரும் அதை மறுத்தார்கள்: நாங்கள் சொன்னதை நிர்வாகம் கேட்கவில்லை, பழியைப் படத்தின்மேல் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு இதில் பொறியியலாளர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாகப் படுகிறது. நல்ல படம் இருந்தாலும் கேட்க மனமில்லாதவர் கேட்க மாட்டார். ஆனால் கேட்கத் தயாராக இருப்பவருக்குக் கூட மோசமான படம் வழிவிடாது.

கோவிட் காலத்தில் இதை நாமே அனுபவித்தோம். மாலையானால் எண்ணிக்கை, படம், ஏறும் கோடு. சில படங்கள் 10, 100, 1,000 என்று பத்து மடங்காகத் தாவும் அளவுகோலில் வரையப்பட்டவை. ஆய்வாளர்களுக்கு அது வசதி. பொதுமக்களுக்கு? 2020-இல் அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், எந்த வாரத்தில் இறப்பு அதிகமாகக் கூடியது என்ற எளிய கேள்விக்கு வழக்கமான அளவுகோலைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் சரியாகப் பதில் சொன்னார்கள். பத்து மடங்கு அளவுகோலைப் பார்த்தவர்களில் 41 விழுக்காட்டினர்தான். படிப்பறிவுள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், தவறு பார்ப்பவர்மேல் இல்லை.

வெள்ளத்திற்கு வருவோம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் மக்கள் காத்திருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் நாடு முழுதும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. எச்சரிக்கை நேரத்தோடு போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. போய்ச் சேர்ந்த எச்சரிக்கை புரிந்ததா என்பது குறைவாகவே பேசப்பட்டது. வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் "வாஸ்பாடா", ஆரஞ்சு "பூரோக்", சிவப்பு "பஹாயா". வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ஆற்று மட்டத்தில் பச்சை "நோர்மல்", மஞ்சள் "வாஸ்பாடா", ஆரஞ்சு "அமாரான்", சிவப்பு "பஹாயா". காற்றுக் குறியீட்டில் மஞ்சள் என்றால் கேடு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆற்றில் மஞ்சள் என்றால் விழிப்பாக இரு என்பதுதான். ஒரே அரசாங்கம், ஒரே மஞ்சள், வேறு வேறு பொருள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது நகரத்து அடுக்குமாடியில் பிள்ளைகளோடு இருக்கும் பாட்டிக்கு இதை யார் விளக்கிச் சொல்வது?

மூன்று துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நிற ஒழுங்குக்கு வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அது நாளாகலாம். அதுவரை எண்ணையும் சொல்லையும் நிறத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும், தமிழிலும். நம் ஊடகங்களும் ஆலய நிர்வாகங்களும் தோட்டத் தொழிற்சங்கக் கிளைகளும் செய்யக்கூடிய வேலைதான் இது. ஒரு தாள் போதும், சுவரில் ஒட்டிவிடலாம்.

நம் இளையோருக்கு இதில் வாய்ப்பும் இருக்கிறது. மேட்பிளாட்லிப்பும், பொறியியல் ஆய்வகங்கள் பயன்படுத்தும் பேராவியூவும் இலவசம். அரசின் திறந்த தரவுத் தளத்தில் எண்கள் கிடைக்கின்றன. அறிவியல் விழாக்களில் பரிசு வாங்கிவரும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் மாவட்டத்தின் ஓராண்டுக் காற்று அளவை வரையச் சொல்லிக் கொடுக்க முடியும். அதே சமயம் நம் சங்கங்களின் ஆண்டறிக்கையில் வரும் முப்பரிமாண வட்டப் படங்களுக்கு விடை கொடுத்துவிடலாம். கோணத்தைவிட நீளத்தையும் இடத்தையும்தான் கண் சரியாக ஒப்பிடுகிறது என்று வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். கணக்கு சரியாக இருக்கும் சங்கம் வெறும் பட்டை வரைபடம் போடத் தயங்காது.

அந்தக் கிள்ளான் வீட்டில் அம்மாவும் அப்பாவும் இப்போது நிறத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் துறை 118 என்கிறது. 100-ஐத் தாண்டிவிட்டது. பயிற்சி ரத்தா என்று பள்ளிக்கு அழைத்துக் கேட்க வேண்டும். மகனின் காலணிப் பை வீட்டிலேயே இருக்கட்டும்.